சைலன்சரை மாத்தினா பவர் கூடுமா? குட்டி யானையும் பொலேரோவும் போடற சத்தக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கு. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் எடுத்திருக்கோம்.)

இன்னிக்கு டாபிக் சைலன்சர். பைக் சைலன்சர்னு நினைச்சு வந்திருந்தீங்கன்னா, அதுவும் நடுவுல வரும். ஆனா மெயின் ஹீரோ பிக்கப் வண்டி. குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் மாதிரி நம்ம ஊரே நம்பி ஓடற வண்டிங்க.

ஏன் பிக்கப்? பைக் சைலன்சரைப் பத்தி யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. வெளிநாட்டுக்காரங்க அவங்க ஊரு வி-எய்ட் பெட்ரோல் பிக்கப்பைப் பத்தி ஆயிரம் வீடியோ போட்டிருக்காங்க. அதைப் பார்த்துட்டு இங்க ஒருத்தர் ரெண்டு சிலிண்டர் டீசல் வண்டியில அதே சத்தம் வரும்னு பணம் கட்டறார். வராது. ஏன் வராதுங்கறதுக்குப் பின்னாடி நல்ல இன்ஜினியரிங் இருக்கு. யாரோ ஒருத்தரோட தூக்கமும் இருக்கு.

ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். கடலூர் ஓ.டி.யில இருந்து ஒரு தம்பி அனுப்பினது. பேர் வேண்டாம்னு சொல்லிட்டார்.

"அண்ணா, எங்கப்பா பொலேரோ பிக்கப் வெச்சிருக்கார். துறைமுகத்துல மீன் ஏத்தி சிதம்பரம் மார்க்கெட் வரைக்கும் ஓட்டுவார். பழைய சைலன்சர் துரு பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. கம்பெனி சைலன்சர் விலை ஜாஸ்தின்னு பட்டறையில வேற ஒண்ணு காட்டறாங்க. அது போட்டா சவுண்டு கெத்தா இருக்கும், பிக்கப்பும் ஏறும், மைலேஜும் கிடைக்கும்னு சொல்றாங்க. எங்கண்ணன் அதையே போடலாங்கறான். அப்பா யோசிக்கறார். எது பண்றது?"

தம்பி, நேரடி பதில் இருக்கு. ஆனா அதை முதல்லயே சொன்னா உங்கண்ணன் ஒத்துக்க மாட்டார். அதனால காரணத்தோட வரேன். அண்ணனையும் பக்கத்துல உக்கார வெச்சுக் கேளுங்க.

சத்தம் எங்கே பிறக்குது?

இன்ஜின் சிலிண்டருக்குள்ள டீசல் எரிஞ்சு முடிஞ்சதும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும். அப்போ உள்ள இருக்கிற அழுத்தம் வெளியில இருக்கிறதை விட பல மடங்கு. பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு அழுத்த அலை குழாய்க்குள்ள பாயும். ஒவ்வொரு தடவை வால்வு திறக்கும்போதும் ஒரு 'டப்'. அந்த 'டப்'கள் வரிசையா வர்றதைத்தான் நாம 'வண்டிச் சத்தம்'னு சொல்றோம்.

வினாடிக்கு எத்தனை 'டப்'னு ரொம்ப ஈசியா கணக்குப் போடலாம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். அதனால ஆர்.பி.எம்.மை 60-ஆல வகுத்து, சிலிண்டர் எண்ணிக்கையில பாதியால பெருக்கினா போதும்.

எல்லா வண்டியும் 2400 ஆர்.பி.எம்.ல ஓடுதுன்னு வெச்சுக்குவோம். அதாவது வினாடிக்கு 40 சுத்து.

ஒத்தை சிலிண்டர் புல்லட்: வினாடிக்கு 20.
பழைய டாடா ஏஸ், அதாவது 2005-ல வந்த 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல் குட்டி யானை: 40.
மூணு சிலிண்டர் அசோக் லேலண்ட் தோஸ்த்: 60.
நாலு சிலிண்டர், 2523 சிசி பொலேரோ பிக்கப்: 80.

மனுஷக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ்ல இருந்துதான் ஒரு தொடர் ஒலியா உணரும். அதுக்குக் கீழே போனா தனித்தனி அடியாத்தான் கேக்கும். புல்லட் ஐடில்ல நிக்கும்போது 1000 ஆர்.பி.எம்.னா வினாடிக்கு எட்டு அடிதான். 'டுக்... டுக்... டுக்'னு எண்ணிடற மாதிரி கேக்கறதுக்குக் காரணம் அதுதான். குட்டி யானை 'தட தட'ன்னு ஆடிக்கிட்டு நிக்கறதும் இதே கணக்கு. பொலேரோ ஐடில்லயே 25 ஹெர்ட்ஸைத் தாண்டிடும், அதனால அது 'ம்ம்ம்'னு ஒரே இழுப்பா கேக்குது.

இதுல கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்குல சைலன்சருக்கு இடமே இல்ல. அடிப்படை அதிர்வெண்ணை முடிவு பண்றது சிலிண்டரும் ஆர்.பி.எம்.மும். எந்தக் கடையில எந்த சைலன்சர் வாங்கி மாட்டினாலும் நாலு சிலிண்டர் டீசல் வி-எய்ட் பெட்ரோல் மாதிரி கத்தாது. இந்த அடிப்படை மேல ஏறி உக்கார்ந்திருக்கிற மத்த அதிர்வெண்கள்ல எதை வெளிய விடறது, எதை உள்ளேயே அமுக்கறதுங்கறது மட்டும்தான் சைலன்சர் கையில இருக்கு. கரண்ட் இல்லாத ஒரு ஈக்வலைசர்னு வெச்சுக்கோங்க.

உங்க இயர்பட்ஸும் சைலன்சரும்

இதை நீங்க காதுல மாட்டியிருக்கிற இயர்பட்ஸை வெச்சே புரிஞ்சுக்கலாம். அதுல வெளிச் சத்தத்தை ரெண்டு விஷயம் தடுக்குது. ஒண்ணு, காதை அடைக்கிற ரப்பர் முனை. அது 'கீச்', 'இஸ்' மாதிரியான உயர்ந்த ஒலிகளை நல்லா நிறுத்தும். ஆனா பஸ் இன்ஜினோட 'ம்ம்ம்' அதைத் தாண்டி வந்துடும். அதுக்குத்தான் ரெண்டாவது விஷயம், நாய்ஸ் கேன்சலேஷன். வர்ற அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்க வைக்கறது.

சைலன்சருக்குள்ளயும் இதே ரெண்டு வேலைதான் நடக்குது.

கிளாஸ் வுல் பஞ்சு வெச்சு உறிஞ்சறது முதல் வகை. ஓட்டை போட்ட குழாயைச் சுத்திப் பஞ்சு இருக்கும். உயர்ந்த ஒலிகள் பஞ்சுக்குள்ள போய் உராய்ஞ்சு சூடா மாறிக் கரைஞ்சிடும். தாழ்ந்த ஒலிகளுக்கு இந்தப் பஞ்சு ஒண்ணுமே இல்ல.

ரெண்டாவது வகையில அறைகள் இருக்கும். புகை ஒரு குழாய் வழியா வந்து பெரிய டப்பாவுக்குள்ள விரியும், தடுப்புல மோதும், திரும்பும், இன்னொரு குழாய் வழியா அடுத்த அறைக்குப் போகும். அப்படித் திரும்பி வர்ற அலையும் புதுசா வர்ற அலையும் எதிரெதிரா சந்திச்சு அழிச்சுக்கும். பக்கத்துல ஒரு மூடின அறையைச் சின்னக் கழுத்தோட ஒட்ட வெச்சிருப்பாங்க. காலி சோடா பாட்டில் வாயில ஊதினா 'பூம்'னு ஒரே ஒரு ஸ்வரம் வரும் இல்ல? அதே தத்துவம்தான், ஆனா இங்க அந்த ஒரு ஸ்வரத்தை அது விழுங்கிடும்.

அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்து மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ்ங்கற சகோதரர்கள் இன்ஜின் மஃப்ளருக்கு 1897-லயே காப்புரிமை வாங்கிட்டாங்க. அதாவது காரே சரியா ஊருக்குள்ள வராத காலத்துல, சத்தத்தைக் குறைக்கற டப்பா வந்துடுச்சு. அமெரிக்காவுல மஃப்ளர், பிரிட்டன்ல சைலன்சர். நமக்கு பிரிட்டிஷ்காரன் சொன்ன பேர் ஒட்டிக்கிச்சு.

டப்பா ஏன் அவ்வளவு பெருசு?

பெரிய டப்பா வெச்சா சத்தம் எவ்வளவு குறையும்? இதுக்கு ஒரு ஃபார்முலா இருக்கு, முழுசா சொல்லி உங்களைத் தூங்க வைக்கல. 2 அங்குலக் குழாய் திடீர்னு 8 அங்குல டப்பாவா விரிஞ்சா, பரப்பளவு 16 மடங்கு. அப்போ ஒரு சாதாரண வெத்து டப்பா அதிகபட்சமா சுமார் 18 டெசிபெல் குறைக்கும். மோசமில்ல.

ஆனா அந்த 18 கிடைக்கணும்னா டப்பாவோட நீளம் ஒலி அலையோட நீளத்துல கால் பங்கு இருக்கணும். பொலேரோவோட 80 ஹெர்ட்ஸை எடுத்துக்கோங்க. சாதாரணக் காத்துல ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகும். 300 டிகிரி சூடான புகைக்குள்ள 480 மீட்டர் போகும். 480-ஐ 80-ஆல வகுத்தா அலை நீளம் 6 மீட்டர். கால் பங்கு ஒன்றரை மீட்டர். வண்டிக்கு அடியில ஒன்றரை மீட்டர் டப்பாவுக்கு எங்க போறது? ஸ்பேர் டயர், டீசல் டேங்க், ஆக்சில் எல்லாம் அங்கதான் இருக்கு.

அதனாலதான் கம்பெனி சைலன்சரை அறுத்துப் பார்த்தா உள்ள ஒரு குட்டி அபார்ட்மென்ட் இருக்கும். ரெண்டு மூணு அறை, வளைஞ்சு திரும்பற குழாய்கள், ஓட்டை போட்ட தகடு. எல்லாம் அந்த ஒரு இன்ஜினோட தாழ்ந்த ஒலியைச் சின்ன இடத்துக்குள்ள மடக்கி அமுக்கறதுக்குப் போட்ட கணக்கு. விலை அங்கதான் ஏறுது. எடையும் அங்கதான்.

கடையில கிடைக்கறது என்ன?

மாத்து சைலன்சர்னு பொதுவா மூணு விஷயம் நடக்குது.

ஒண்ணு, கம்பெனி அளவுலயே வேற ஆள் செஞ்சது. உள்ள அறைகள் இருக்கும். தகடு கொஞ்சம் மெல்லிசா இருக்கலாம். சத்தம் பெருசா மாறாது.

ரெண்டு, 'ஃப்ரீ ஃப்ளோ'. நேர்க்குழாய், சுத்திப் பஞ்சு. அறை இல்ல. இயர்பட்ஸ் கணக்குல சொன்னா, ரப்பர் முனை மட்டும் இருக்கு, நாய்ஸ் கேன்சலேஷன் ஆஃப். கீச்சுச் சத்தம் போயிடும், 'தும் தும்' மட்டும் முழுசா வெளிய வரும். கேக்கறவங்களுக்கு இதுதான் 'கெத்து'. டீசல் வண்டியில இன்னொரு பிரச்சினை, புகைக்கரி பஞ்சுல அடைஞ்சுக்கும். நாளடைவுல பஞ்சு எரிஞ்சு, பிஞ்சு, டெயில் பைப் வழியா வெளியயே போயிடும். ஆரம்பத்துல கேட்ட சத்தம் போகப் போக இன்னும் கரகரன்னு ஏறும்.

மூணு, சைலன்சரையே கழட்டிட்டு வெறும் குழாய், இல்லேன்னா பழைய டப்பாவுக்குள்ள இருக்கிற தடுப்பை வெட்டி எடுத்துடறது. வெளியில பார்த்தா ஒரிஜினல், உள்ள காலி. இதுல எல்லா அதிர்வெண்ணும் வெளிய வரும். குழாயோட நீளத்துக்கு ஏத்த மாதிரி ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.ல புல்லாங்குழல் மாதிரி அதுவே ஒத்து அதிரும். அந்த வேகத்துல கேபினுக்குள்ள ஒரு 'ஊஊம்' வந்து மண்டைக்குள்ள உக்காந்துக்கும். பெரும்பாலும் அது நாம ரெகுலரா போற ஹைவே வேகமாத்தான் அமையும்.

டர்போ இருந்தா கதை வேற

பழைய குட்டி யானைக்கு டர்போ கிடையாது. வால்வுல இருந்து வர்ற 'டப்' நேரா குழாய்க்குள்ள வருது. சைலன்சரைத் தொட்டா வித்தியாசம் உடனே தெரியும். ஊரே திரும்பிப் பார்க்கும்.

பொலேரோவுலயும் தோஸ்த்துலயும் டர்போ இருக்கு. புகை முதல்ல டர்பைன் சக்கரத்தைச் சுத்திட்டுத்தான் வெளிய வரணும். 'டப்'போட வேகத்துல ஒரு பங்கை அந்தச் சக்கரமே தின்னுடும். அதாவது டர்போவே பாதி சைலன்சர். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு வர்ற டீசல் வண்டிகள்ல புகைக்கரியைப் பிடிக்கற வடிகட்டியும் சேர்ந்துக்கிச்சு. அதுவும் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும்.

இன்னொண்ணு. டீசல் வண்டியில நாம கேக்கற 'கடகட'ல பெரும் பங்கு டெயில் பைப்ல இருந்தே வர்றது இல்ல. சிலிண்டருக்குள்ள டீசல் பட்டுன்னு எரியற அதிர்ச்சி இன்ஜின் இரும்பு வழியா நேரா வெளிய வருது. அதை எந்த சைலன்சரும் மாத்தாது. ஆக டர்போ டீசல் பிக்கப்ல சைலன்சரை மாத்தினா கிடைக்கறது பழைய கடகடவோட கூட ஒரு 'தும்'. சினிமாவுல கேட்ட சத்தம் கிடைக்காது.

பவர், மைலேஜ்

அண்ணன் காத்திருக்கிற பாயின்ட் இது. சைலன்சர் புகையைத் தடுக்குது, தடையை எடுத்தா இன்ஜின் ஃப்ரீயா மூச்சு விடும், பவர் ஏறும். கேக்க லாஜிக்கா இருக்கு. கொஞ்சம் உண்மையும் இருக்கு. ரேஸ் வண்டியில ஃபுல் ஆர்.பி.எம்.ல ஓடும்போது அந்தத் தடை கணக்குல வரும்.

ஆனா டீசல் இன்ஜின்ல பவரை முடிவு பண்றது எவ்வளவு டீசல் உள்ள பீய்ச்சறோங்கறது. காமன் ரெயில் வண்டியில அதை முடிவு பண்றது ஈ.சி.யூ. என் தொழில் மொழியில சொல்றேன்: உள்ள ஒரு பெரிய டேபிள் இருக்கு. இந்த ஆர்.பி.எம்., இந்த அளவு ஆக்சிலரேட்டர், இவ்வளவு காத்து வருதுன்னா இவ்வளவு டீசல். நீங்க வெளியில ஒரு குழாயை மாத்தினதுக்காக அந்த டேபிள் தானா மாறாது. சாஃப்ட்வேர் அப்படியே இருக்க, ஸ்பீக்கரை மட்டும் மாத்தின கதை.

அப்புறம் ஏன் எல்லாரும் 'பிக்கப் ஏறிடுச்சு'ன்னு சொல்றாங்க? சத்தம் ஏறினா வேகம் ஏறின மாதிரி மூளை எடுத்துக்குது. சந்தேகமா இருந்தா பழைய சைலன்சரோட ஒரு தடவை, புதுசோட ஒரு தடவை, அதே ரோடு, அதே லோடு, 40-ல இருந்து 60 போக எத்தனை வினாடின்னு போன்ல டைமர் போட்டுப் பாருங்க. காதை நம்பாதீங்க. அதைத்தானே ஏமாத்தி வெச்சிருக்கோம். மைலேஜும் இப்படித்தான், ஒரு மாசம் டீசல் பில்லை எழுதி வெச்சுப் பாருங்க.

சுவர் தடுக்காத சத்தம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். முதல்ல டெசிபெல். இது சாதாரண எண் மாதிரி கூடாது. 10 கூடினா ஒலி ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு சுமார் ரெண்டு மடங்கு. 20 கூடினா ஆற்றல் நூறு மடங்கு, காதுக்கு நாலு மடங்கு.

மீன் வண்டி ஓடற நேரம் விடியக் காலை. கடலூர்ல இருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியா சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். வழி நெடுக ரோட்டை ஒட்டியே வீடுகள். தடை எதுவும் இல்லாத வெட்ட வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபெல் குறையும். ஏழரை மீட்டர்ல 80 டெசிபெல் போடற வண்டி 45-க்கு இறங்கணும்னா 400 மீட்டருக்கு மேல போகணும். 45 எங்கிருந்து வந்துச்சு? 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் சொல்லியிருக்கிற அளவு. பகல்ல 55. அது அந்த நேரம் முழுக்க இருக்கிற சராசரிக்கான அளவு, ஒரு வண்டி கடந்து போற நொடிக்கானது இல்ல. ஆனாலும் ஊரு எவ்வளவு அமைதியா இருக்கணும்னு நாமளே எழுதி வெச்சுக்கிட்டதுக்கும், ஒரு டெயில் பைப்புக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு இது காட்டுது.

சிதம்பரத்துக்குள்ள வந்தா நிலைமை இன்னும் மோசம். கீழவீதி, தெற்கு வீதிகள்ல ரெண்டு பக்கமும் கட்டடம். சத்தம் விரிஞ்சு போக இடம் இல்லாம சுவருக்குச் சுவர் மோதித் திரும்புது.

ஜன்னலைச் சாத்தினா? உயர்ந்த ஒலிகள் நிக்கும். தாழ்ந்த ஒலி நிக்காது. அதிர்வெண் பாதியானா சுவரோட தடுக்கற சக்தி சுமார் 6 டெசிபெல் குறையும். கல்யாண மண்டபத்துப் பாட்டு தூரத்துல இருந்து கேக்கும்போது வரிகள் கேக்காது, 'தும் தும்' மட்டும் வீட்டுக்குள்ள வரும் பாருங்க, அதேதான். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் எதை வெளிய விடுது? அதே 'தும்'. வண்டிக்காரருக்குக் கெத்தாக் கேக்கற அந்தப் பகுதிதான் அடுத்தவங்க சுவரைத் தாண்டற பகுதி.

மீட்டரும் இதைச் சரியாப் பிடிக்காது. வண்டிச் சத்தத்தை அளக்கறது 'டெசிபெல் ஏ' கணக்குல. காது மெல்லிய சத்தத்தைக் கேக்கற விதத்துக்கு ஏத்த மாதிரி தாழ்ந்த ஒலிகளுக்கு மார்க் குறைச்சுப் போடற முறை அது. 80 ஹெர்ட்ஸுக்கு 22 டெசிபெலுக்கு மேல கழிச்சுடும். அதனால 'மீட்டர்ல பாஸ் ஆச்சு'ங்கறதும் 'யாரும் முழிச்சுக்கல'ங்கறதும் ஒண்ணு இல்ல.

அண்ணாமலை நகர்ல மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. கடலூர் மஞ்சக்குப்பத்துல அரசு தலைமை மருத்துவமனை இருக்கு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இதைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம்னு அதே விதிகள் சொல்லுது. அங்க ராத்திரி அளவு 40. உள்ள படுத்திருக்கிறவங்களுக்கு ஹாரன் எப்படியோ இந்த 'தும்'மும் அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

சுருக்கமா. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ படி, அப்படி மாத்தின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஒலி, புகை அளவை மீறி ஓட்டினா பிரிவு 190(2): முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். லைசென்ஸும் மூணு மாசம் போகும்.

இதுல கவனிங்க, பிரிவு 52-க்கு மீட்டரே தேவையில்ல. உள்ள இருக்க வேண்டிய தடுப்பு இல்லேன்னா முடிஞ்சது. பைக்காரங்க மாட்டினா அபராதத்தோட போகலாம். பிக்கப் சரக்கு வண்டி. அதுக்கு எஃப்.சி. இருக்கு. புது வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பழைய சைலன்சரைத் தேடி மாட்டறது, காட்டிட்டுக் கழட்டறதுன்னு அலையணும். வண்டி ஒரு நாள் நின்னா அன்னிக்கு வருமானமும் நின்னுது.

ஸ்டியரிங் பிடிக்கிறவர் காது

எல்லாரும் மறக்கறது இதை. கெத்து சவுண்டை ரோட்ல நிக்கறவர் பத்து வினாடி கேக்கறார். அப்பா தினம் பல மணி நேரம் கேக்கறார்.

அமெரிக்காவுல தொழிலாளர் உடல்நலத்துக்கான நியோஷ் நிறுவனம் சொல்ற அளவு: 85 டெசிபெல்ல 8 மணி நேரம். அதுக்கு மேல 3 கூடற ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும். 88-ல 4 மணி நேரம், 91-ல 2 மணி நேரம். கேபினுக்குள்ள 'ஊஊம்'னு ஏறின சின்ன வித்தியாசம்கூட நேரத்தைப் பாதி பாதியா வெட்டும். சத்தத்தால போற காது வலிக்காம போகும், திரும்பி வராது. முதல்ல போறது உயர்ந்த ஒலிகள். 'ச', 'ஸ' வித்தியாசம் தெரியாது, பேரக்குழந்தை பேசறது புரியாது.

அடுத்தது எச்சரிக்கை. வீல் பேரிங் 'கிர்'ங்கறது, டயர் காத்து இறங்கறது, பின்னாடி லோடு கயிறு தளர்ந்து ஆடறது, பின்னால வர்ற ஆம்புலன்ஸ். நல்ல டிரைவர் பாதி வண்டியைக் காதாலதான் ஓட்டறார். அதை நாமளே அடைக்கக் கூடாது.

'சத்தமா இருந்தா எதிர்ல வர்றவன் ஒதுங்குவான், பாதுகாப்பு'ன்னு ஒரு வாதம் உண்டு. டெயில் பைப் பின்னாடி பார்த்திருக்கு. சத்தத்தோட பெரும் பங்கு நாம தாண்டி வந்தவங்களுக்குத்தான் போகுது. தாழ்ந்த ஒலி எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு காதால கண்டுபிடிக்கறதும் கஷ்டம். முன்னாடி இருக்கிறவருக்குச் சொல்ல ஹாரன் இருக்கு, லைட் இருக்கு.

கடைசியா, ஓட்டை. ஓட்டை சைலன்சரோட ஓட்டறதைச் சத்தப் பிரச்சினையா மட்டும் பார்க்காதீங்க. புகை டெயில் பைப் வரைக்கும் போகாம கேபினுக்கு அடியிலயே கசியும். வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை ஓட விட்டுக்கிட்டே தூங்கறவங்க இருக்காங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பெட்ரோல், சி.என்.ஜி. குட்டி யானையில இந்த ஆபத்து டீசலை விட அதிகம். அதனால தம்பி, எதை மாட்டறதுன்னு யோசிக்கற வாரத்துலயும் ஓட்டையோட ஓட்ட வேண்டாம்.

சரி, எதை வாங்கறது?

கம்பெனி சைலன்சர் வாங்க முடிஞ்சா அது. விலை இடிச்சா, முதல் வகை: அதே அளவுல, உள்ள அறைகளோட செஞ்சது. ஃப்ரீ ஃப்ளோ வேண்டாம், வெறும் குழாய் வேண்டவே வேண்டாம். வண்டி பி.எஸ்.6-னா வடிகட்டி, சென்சார் பக்கமே பட்டறைக்காரரைக் கை வைக்க விடாதீங்க.

கடையில நின்னு பார்க்கறதுக்குச் சில வழி.

பழையதையும் புதுசையும் தூக்கிப் பாருங்க. புதுசு ரொம்ப லேசா இருந்தா உள்ள அறை இல்ல, இல்லேன்னா தகடு மெல்லிசு.

ஒரு முனையில டார்ச் அடிச்சு மறு முனையில பாருங்க. நேரா வெளிச்சம் தெரிஞ்சா அது நேர்க்குழாய். அறை வெச்சதுல பெரும்பாலும் தெரியாது.

குலுக்கிப் பாருங்க. உள்ள ஏதாவது கலகலன்னா தடுப்பு வெல்டிங் விட்டிருக்கு.

தொங்க விடற ரப்பரையும் ஜாயின்ட் கேஸ்கட்டையும் சேர்த்தே புதுசா மாத்துங்க. பழைய ரப்பர் இறுகிப் போயிருந்தா நல்ல சைலன்சரோட அதிர்வையும் சேசிஸுக்குக் கடத்தும். அப்புறம் 'புது சைலன்சர் சரியில்ல'ன்னு பேர் வரும்.

துரு பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா கடலூர்ல கேள்வியே அங்கதான் ஆரம்பிக்குது. உப்புக் காத்து ஒண்ணு. மீன் பெட்டியில இருந்து ஐஸ் தண்ணி உப்போட சொட்டி அடியில ஓடறது ரெண்டு. டீசல் எரிஞ்சா தண்ணி ஆவியும் வரும். வண்டி சூடாகறதுக்குள்ள நிறுத்திட்டா அது சைலன்சருக்குள்ளயே தண்ணியா நின்னு உள்ளிருந்து அரிக்கும். லோடு இறக்கினதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில கழுவி விடறது, மீன் பெட்டித் தண்ணி சைலன்சர் மேல விழாம ஒரு ஹோஸ் போட்டு ஓரமா விடறது, சைலன்சர் அடியில சின்ன வடிகால் ஓட்டை இருந்தா சேறு அடையாம பார்த்துக்கறது. இந்த மூணும் சேர்ந்தா அடுத்த சைலன்சர் செலவு தள்ளிப் போகும். முடிஞ்சா அலுமினியம் பூசின ஸ்டீல் இல்ல ஸ்டெயின்லெஸ்ல செஞ்சதான்னு கேட்டு வாங்குங்க.

கடைசியா

சத்தமே தப்புன்னு நான் சொல்ல வரல. எனக்கும் நல்ல இன்ஜின் சத்தம் பிடிக்கும். ஹார்லி டேவிட்சன் கம்பெனி 1994-ல தன்னோட இன்ஜின் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பம் போட்டு, 2000-ல வாபஸ் வாங்கிக்கிச்சு. சத்தத்துல அடையாளம் இருக்குங்கறது நிஜம்.

இன்னொரு பக்கம் பாருங்க. எலெக்ட்ரிக் வண்டிகள் வந்ததும் சத்தமே இல்லாம போச்சு. நடந்து போறவங்களுக்கு, முக்கியமா பார்வை இல்லாதவங்களுக்கு வண்டி வர்றதே தெரியல. அதனால ஐரோப்பாவுல 2021 ஜூலையில இருந்து விக்கற புது எலெக்ட்ரிக் கார் எல்லாம் 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஒரு மெல்லிய சத்தத்தைத் தானா போட்டே ஆகணும். அதுக்கு மேல டயர் சத்தமே போதும்னு விட்டுட்டாங்க. எவ்வளவு சத்தம்னு முடிவு பண்ணும்போது அவங்க நினைச்சது ரோட்டுல நடக்கறவரை. நம்ம குட்டி யானையும் 2022-ல எலெக்ட்ரிக்கா வந்துடுச்சு. இந்தக் கேள்வி சீக்கிரமே நம்ம தெருவுக்கும் வரும்.

கடலூர் தம்பி, அப்பாவும் அண்ணனும் என்ன முடிவு பண்ணாங்கன்னு இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க. மத்தவங்க ஒரு வேலை பண்ணுங்க: போன்ல ஸ்பெக்ட்ரம் காட்டற இலவச ஆப் ஏதாவது ஒண்ணு போட்டுக்கோங்க. உங்க தெருவுல நிக்கற வண்டி ஐடில்ல இருக்கும்போது எந்த அதிர்வெண்ல முதல் முகடு வருதுன்னு பாருங்க. நான் சொன்ன ஃபார்முலாவைத் திருப்பிப் போட்டு ஆர்.பி.எம். கண்டுபிடிங்க. வண்டிக்காரர்கிட்ட மீட்டரைக் காட்டச் சொல்லிச் சரி பாருங்க. ஒத்து வந்தாலும் வராட்டாலும் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க. சில போன் மைக் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாப் பிடிக்காது, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட் ஹாரன். பஸ் ஹாரன்ல ரெண்டு ஸ்வரம் சேர்ந்தா ஏன் நம்மளைத் தூக்கிப் போடுதுங்கறதைப் பார்ப்போம். அது வரைக்கும் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வெச்சே கேளுங்க.